ஆங்கில எழுத்துகள், விநோதக் குறிகள், கேள்விக்குறிகள்: பழைய தமிழ்க் கோப்புகள் அழிந்துவிட்டனவா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் எழுத்தராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். முன்பிருந்த தட்டச்சர் அம்மா ஓய்வுபெற்றுவிட்டார்; அவர் பயன்படுத்திய கணினியும் பழுதாகி, கோப்புகளை மட்டும் புதிய கணினிக்கு மாற்றியிருக்கிறார்கள். இப்போது 2003 முதல் 2016 வரையிலான தீர்மானங்களும் கடிதங்களும் வேர்டில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திறக்கின்றன. இணையவழிக் கணக்கு மென்பொருளிலிருந்து இறக்கிய உறுப்பினர் பட்டியல் எக்செலில் விநோதக் குறிகளாகத் தெரிகிறது. நீங்கள் அனுப்பிய ஒரு மின்னஞ்சலுக்கு வந்த பதிலில், கீழே இருக்கும் உங்கள் கடிதம் முழுவதும் கேள்விக்குறியாக இருக்கிறது. இது வைரஸா, ஆபீஸ் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் சரியாகுமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் அதன் அடியில் இருக்கும் கேள்வி வேறு: பதின்மூன்று ஆண்டு ஆவணம் போய்விட்டதா, இருக்கிறதா?

வைரஸ் இல்லை என்பதை நீங்கள் விவரித்திருக்கும் அறிகுறிகளைக் கொண்டே உறுதியாகச் சொல்லலாம். ஆபீஸை மறுபடி நிறுவுவதால் இம்மூன்றில் ஒன்றுகூடத் தீராது. மூன்றும் ஒரே கோளாறும் அல்ல. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் மூன்று வெவ்வேறு கோளாறுகள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதும், தட்டச்சு நிலையங்களிலிருந்து வருபவர்களுக்குக் கணினித் தமிழ் சொல்லித்தருவதுமே என் தொழில் என்பதால், இந்தக் குழப்பத்தை அநேகமாக மாதம் ஒரு முறை பார்க்கிறேன். திரையில் தெரிவது எந்த வகைக் குப்பை என்று பார்த்தாலே, பழுது எங்கே நேர்ந்தது, மீட்க முடியுமா என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும். சாதாரண ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். ஆவணம் பத்திரமாக இருக்கிறது. வெற்றுக் கட்டங்கள் தெரிந்தாலும் அப்படியே. மேலே கோடும் புள்ளியும் இட்ட ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால், பெரும்பாலும் மென்பொருள் தவறான குறியாக்கத்தில், அதாவது எந்த எண் எந்த எழுத்து என்னும் கணக்கை மாற்றிவைத்துக்கொண்டு, படிக்கிறது. மூலக் கோப்பு கையில் இருந்தால் கவலையில்லை. கேள்விக்குறி மட்டும்தான் கெட்ட செய்தி, ஏனென்றால் அங்கே எழுத்து மறைந்திருக்கவில்லை, அதன் இடத்தில் உண்மையாகவே ஒரு கேள்விக்குறி எழுதப்பட்டுவிட்டது.

ஆகவே மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். திறந்திருக்கும் கோப்புகளைச் சேமிக்காமல் மூடுங்கள். பழைய கோப்புகள் அனைத்தையும் ஒரு பென் டிரைவிலோ வேறு வன்தட்டிலோ நகலெடுத்து, அந்த நகலைத் தொடாமல் வைத்துவிடுங்கள். நான் பார்த்த இழப்புகளில் பெரும்பாலானவை முதல் கோளாற்றால் நேர்ந்தவை அல்ல. அதைச் சரிசெய்யப்போய் இடையில் 'சேவ்' அழுத்தியதால் நேர்ந்தவை.

இனி வேர்டு கோப்புகள். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் தரும் யூனிகோடு என்னும் பொதுக் குறியாக்கம் பரவலாவதற்கு முன் தமிழ் எழுத்துரு என்பது ஒரு வகை முகமூடி. கணினியின் கணக்கில் அது ஆங்கில எழுத்துத்தான். அந்த எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்தும்தான். ஜே என்பது த, கே என்பது ம, பி என்பது இகரக் கொக்கி, ஓ என்பது ழ, அரைப்புள்ளி என்பது மெய்யின் புள்ளி. பாமினி இருக்கும் கணினியில் அது 'தமிழ்' என்று தெரியும்; இல்லாத கணினியில் முகமூடி கழன்று ஆங்கில எழுத்துகள் தெரியும். சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி வருவதாக நீங்கள் எழுதியிருப்பது பாமினியின் கைரேகை. தமிழில் மெய்யெழுத்து இல்லாத வரி இல்லையல்லவா? அதனால்தான் அரைப்புள்ளி இல்லாத வரியும் இல்லை. இந்த எழுத்துருவும் இதே அமைப்பைப் பின்பற்றிய பல எழுத்துருக்களும் இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் இங்குள்ள டிடிபி மையங்களிலும் மிகுதியாகப் புழங்கியவை. விசைகளின் வரிசை பழைய தட்டச்சுப்பொறியை ஒட்டியிருந்ததால், பொறியில் பழகிய விரல்களுக்குப் புதிதாக எதையும் கற்கவேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் எல்லாக் கோப்பும் பாமினியாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு தட்டச்சர் இரண்டு மூன்று எழுத்துருக்களை மாற்றியிருப்பது சாதாரணம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியாக்கங்களைத் தரமாக அறிவித்தது. அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துருக்கள் வேரூன்றியிருந்தன. இணையத்தில் எழுதியவர்களிடம் திஸ்கி என்னும் குறியாக்கம் புழங்கியது. 2010இல்தான் யூனிகோடும் டேஸ்16 என்னும் குறியாக்கமும் அரசின் தரமாக ஏற்கப்பட்டன. இவை ஒவ்வொன்றும் முகமூடி கழன்றபின் வெவ்வேறு முகம் காட்டும். திஸ்கியில் ட, ண, த ஆகிய மூன்றும் முறையே கால், அரை, முக்கால் என்னும் பின்னக் குறிகளாகத் தெரியும். ந என்பது தலைகீழான கேள்விக்குறியாகத் தெரியும். வானவில்லில் சாதாரண ஆங்கில எழுத்துகளோடு மேலே இரட்டைப் புள்ளி வைத்த எழுத்துகளும் கலந்திருக்கும். இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கெட்டுப்போனதாகத் தெரியும் ஒரு வரியின்மேல் சொடுக்கிவிட்டு, ஹோம் பட்டையில் எழுத்துருவின் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் வேர்டு அதன் பெயரை அழிப்பதில்லை. ஆவணத்தில் குறித்திருந்த பெயரையே காட்டும். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் 'ஃபான்ட் சப்ஸ்டிடியூஷன்' என்றொரு பொத்தான் இருக்கும். அந்தக் கோப்புக்குத் தேவைப்பட்டு இங்கே இல்லாத எழுத்துருக்கள் எவை, அவற்றுக்குப் பதிலாக எது நிற்கிறது என்பதை அது காட்டிவிடும்.

பெயர் தெரிந்தபின் இரண்டு வழிகள் உள்ளன. எளியது, அந்த எழுத்துருவை நிறுவுவது. பழைய கணினியின் வன்தட்டு இன்னும் உயிரோடு இருந்தால், வேறெங்கும் தேடவேண்டாம். அதன் விண்டோஸ் அடைவுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் அடைவில் அதே எழுத்துரு இருக்கும். விலைகொடுத்து வாங்கிய எழுத்துரு என்றால் சங்கத்தின் பெயரில் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவியபின் கோப்பைத் திறந்தால் எதுவுமே நடக்காததுபோல் தமிழ் வந்து நிற்கும். படிப்பதற்கும் அச்செடுப்பதற்கும் மட்டுமே கோப்புகள் தேவை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். தணிக்கைக்குப் பழைய தீர்மானத்தின் நகல் கேட்டால் அச்செடுத்துக் கொடுத்துவிடலாம்.

ஆனால் அந்தக் கோப்புகளில் திருத்தம் செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு பொறி காத்திருக்கிறது. வேர்டுக்கு இது தமிழ் என்று தெரியாது. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் வசதி, புதிய கணினியில் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். பாமினியில் சிறிய எஃப் என்பது க. பெரிய எஃப் என்பது கு. சிறிய ஜே என்பது த. பெரிய ஜே என்பது து. ஆகவே பத்தியின் தொடக்கத்தில் 'கடன்' என்று தட்டச்சு செய்துவிட்டு இடைவெளி விட்டால் அது 'குடன்' ஆகிவிடும். 'தமிழ்' என்பது 'துமிழ்' ஆகும். 'பணம்' என்பது 'புணம்' ஆகும். ஒரு நிறுவனத்தில் நோட்டீஸ் முழுவதும் 'குடன் மனுக்கள்' என்று அச்சாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். தட்டச்சு செய்தவரைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள், பாவம். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று சென்று அந்தத் தேர்வை நீக்கிவிட்டுத்தான் பழைய எழுத்துருவில் கைவைக்க வேண்டும்.

இரண்டாவது வழி, யூனிகோடுக்கு மாற்றுவது. தேட வேண்டும், கைப்பேசியில் படிக்க வேண்டும், பத்து ஆண்டு கழித்தும் திறக்க வேண்டும் என்றால் இதுவே வழி. என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. மூலக் குறியாக்கம் எது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு பக்கம் மாற்ற ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் மாற்றியது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும், அதில்தான் அனைவரும் ஏமாறுகிறார்கள்.

முதலில், மாற்றிக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது. பாமினி ஆவணத்துக்கு நடுவில் ஒரு மின்னஞ்சல் முகவரியோ, வங்கியின் ஆங்கிலப் பெயரோ இருந்தால் அதையும் தமிழ் என்று கருதி உருக்குலைத்துவிடும். ஆகவே ஆவணம் முழுவதையும் ஒரே வீச்சில் ஒட்டாமல், ஆங்கிலப் பகுதிகளை விட்டுவிட்டுப் பத்தி பத்தியாக மாற்றுங்கள். அடுத்தது ஒகரம், ஓகாரம். பழைய எழுத்துருவில் 'கொடு' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகும்: முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வரும், அதன் பின்னரே உயிர்க்குறி. இதை அறியாத மாற்றி, கொம்பை எழுத்துக்கு முன்பே விட்டுவிடும். அப்போது கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டம் ஒன்றைக் கண்டாலும் அந்த மாற்றியை மாற்றுங்கள். இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள் என்பதால் எனக்கு இவற்றைப் பற்றிப் பெரிய கவலை இல்லை.

கவலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாதவை பற்றித்தான். ர் என்பதையும் ரி என்பதையும் கீழ்ச்சாய்வு இல்லாமல் எழுதுவது பழைய அச்சு வழக்கம்; பாமினியில் அதற்காகத் துணைக்காலையே போட்டு அதன்மேல் புள்ளி வைப்பார்கள். சரியான மாற்றி இதை ர் என்று புரிந்துகொள்ளும். அரைகுறை மாற்றி, துணைக்கால், புள்ளி என்று அப்படியே மாற்றிவிடும். அப்போது 'குமார்' என்பது 'குமாா்' என்றும், 'அவர்' என்பது 'அவா்' என்றும், 'ஆசிரியர்' என்பது 'ஆசிாியா்' என்றும் ஆகிவிடும். பல எழுத்துருக்களில் இவை பார்வைக்குச் சரியாகவே தெரியும். அச்செடுத்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் 'குமார்' என்று தேடினால் அந்த உறுப்பினர் கிடைக்கமாட்டார், எக்செலில் பெயரைத் தேடி எடுக்கும் விலுக்அப் சூத்திரம் போட்டால் பிழை வரும். அதுபோலவே ஔகாரமும்: கௌசல்யா என்னும் பெயரில் உள்ள கௌ, பழைய எழுத்துருவில் கொம்பு, க, ள என்று மூன்று துண்டாகப் பதிவாகியிருக்கும். மாற்றியபின் அது 'கெளசல்யா' ஆகிவிடக்கூடும், அதாவது கெ என்னும் எழுத்தும் ள என்னும் எழுத்தும். நான் பார்த்துக்கொண்ட ஓர் அலுவலகத்தில், கௌரி என்று தேடிப்பார்த்து, இல்லை என்றதும் அதே பெண்மணிக்கு இரண்டாவது உறுப்பினர் எண் கொடுத்துவிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பங்கு ஈவுத்தொகை வழங்கும்போதுதான் தெரியவந்தது.

இதைச் சோதிக்க எக்செலில் ஓர் எளிய வழி உண்டு. லென் என்னும் சூத்திரம் ஒரு கட்டத்தில் எத்தனை குறிகள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லும். சரியான 'கௌரி'க்கு 4 வரும், தவறான 'கெளரி'க்கு 5 வரும். துணைக்கால் பிழைக்கு இந்தச் சோதனை உதவாது, ஏனெனில் 'குமார்' எப்படி எழுதப்பட்டிருந்தாலும் 6தான் வரும். ஆனால் அதற்கு வேறு வசதி இருக்கிறது: துணைக்காலை அடுத்துப் புள்ளியோ இகரக் கொக்கியோ வருவது தமிழில் எந்தச் சொல்லிலும் சாத்தியமில்லை. எனவே 'ா்' வரும் இடங்களையெல்லாம் 'ர்' என்றும், 'ாி' வரும் இடங்களையெல்லாம் 'ரி' என்றும் சப்ஸ்டிடியூட் சூத்திரத்தால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். ஔகாரத்தை அப்படி மாற்றக் கூடாது. 'வெள்ளம்', 'தெளிவு' ஆகியவற்றில் கொம்பும் ளகரமும் முறையாகவே அடுத்தடுத்து வருகின்றன. ஒரே வீச்சில் மாற்றினால் வெள்ளம் 'வௌ்ளம்' ஆகிவிடும். கௌரி, கௌதமன், சௌந்தரம், ஔவை என்று பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடித்தான் திருத்த வேண்டும். சங்கத்தின் பட்டியலில் இப்படிப்பட்ட பெயர்கள் எத்தனை இருந்துவிடப் போகின்றன, ஒரு பிற்பகல் வேலைதான்.

அடுத்தது எக்செல். உறுப்பினர் பட்டியலில் மேலே சாய்கோடு இட்ட சிறிய ஏ, அதையடுத்து வட்டத்துக்குள் ஆர் என்று மாறி மாறி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே எனக்கு ஐயமே இல்லை. எழுத்துருவோடு இதற்குத் தொடர்பில்லை. அந்தப் பட்டியல் யூடிஎஃப்-8 என்னும் யூனிகோடு வடிவில் சரியாகவே இருக்கிறது. அந்த வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் (கணினி நினைவின் சிறு அலகு) எடுக்கும்; 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஆகப் பதினைந்து பைட். எக்செல் அதைப் பழைய மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமாக எண்ணிக்கொண்டு பைட்டுக்கு ஓர் எழுத்தாகப் பிரித்துப் படிக்கிறது. தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே. அதுதான் அந்தச் சாய்கோடு இட்ட ஏ. அதனால்தான் திரை முழுவதும் அந்த ஏ திரும்பத் திரும்ப வருகிறது.

தீர்வு, அந்தப் பட்டியல் இறங்கியிருக்கும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இரட்டைச் சொடுக்கால் திறக்காமல் இருப்பதுதான். எக்செலில் ஒரு வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா பட்டையில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' என்பதைத் தேர்ந்தெடுத்து, கோப்பைக் காட்டி, மேலே 'ஃபைல் ஆரிஜின்' என்னும் இடத்தில் 65001 யூனிகோடு யூடிஎஃப்-8 என்பதை வைத்தால், முன்னோட்டத்திலேயே தமிழ் தெரிந்துவிடும். அந்த இடத்திலேயே 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' என்பதை அழுத்தி, வங்கிக் கணக்கு எண், உறுப்பினர் எண் ஆகிய நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். எக்செல் எண்களில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணாக இருந்தால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும், 0047 என்ற உறுப்பினர் எண் 47 ஆகிவிடும். தமிழ் சரியாகிவிட்டது என்ற மகிழ்ச்சியில் இதைக் கவனிக்காமல் சேமித்தவர்கள் உண்டு. திரும்பச் சேமிக்கும்போது எக்செல் கோப்பாகவே சேமியுங்கள். சிஎஸ்வியாகத்தான் வேண்டும் என்றால், வெறும் சிஎஸ்வி என்பதைத் தேர்ந்தெடுக்காமல் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகும், அதிலிருந்து மீட்சி கிடையாது.

ஏற்கெனவே விநோதக் குறிகளோடு திறந்து, எக்செல் கோப்பாகச் சேமித்துவிட்டிருந்தால் என்ன செய்வது? அதைத் திருப்பிப் படிக்கவைக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் முழுதாக மீளும் என்று நான் உறுதி தரமாட்டேன். மெய்யெழுத்தின் புள்ளி, உகரக் குறி, ஏ, ஐ என்னும் தமிழ் உயிரெழுத்துகள் ஆகிய நான்குக்கும் உரிய கடைசி பைட்டுக்கு அந்த ஐரோப்பியக் குறியாக்கத்தில் எழுத்தே ஒதுக்கப்படவில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வெட்டி ஒட்டும்போது முதலில் உதிர்வது இவைதான். புள்ளி உதிர்ந்த பெயர்ப்பட்டியலைக் கையால் திருத்துவதைவிட, மென்பொருளிலிருந்து பட்டியலை மறுபடி இறக்கிக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

மின்னஞ்சலில் மட்டும் என்னால் பாதி உறுதியோடுதான் பேச முடியும், ஏனென்றால் இங்கே இரண்டு கணினிகளும் இடையில் சில வழங்கிகளும் (சர்வர்கள்) சம்பந்தப்பட்டிருக்கின்றன. 1982இல் வகுக்கப்பட்ட அஞ்சல் விதிகள் ஆங்கிலத்துக்குப் போதுமான ஏழு பிட் எழுத்துகளை மட்டுமே கருதின. எந்தக் குறியாக்கத்தில் கடிதம் இருக்கிறது என்று அறிவிக்கும் வழி 1992இல் மைம் என்னும் அஞ்சல் விதிமுறை வந்த பிறகே ஏற்பட்டது. அந்த அறிவிப்பில் தமிழுக்கு இடமில்லாத ஒரு குறியாக்கத்தைப் போட்டுவிட்டு மென்பொருள் கடிதத்தை அனுப்பினால், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஒரு கேள்விக்குறிதான் போய்ச் சேரும். ஆனால் அந்தத் தவறு உங்கள் பக்கம் நேர்ந்ததா, அவர்கள் பக்கமா என்பதுதான் கேள்வி. உங்கள் 'சென்ட்' அடைவைத் திறந்து, அனுப்பிய கடிதத்தைப் பாருங்கள். அங்கேயே கேள்விக்குறி என்றால் தவறு உங்கள் பக்கம். அங்கே தமிழ் நன்றாகத் தெரிந்தால், கடிதம் அவர்களுக்குச் சரியாகவே கிடைத்து, பதில் எழுதும்போது அவர்களுடைய மென்பொருள் அதைக் குலைத்திருக்க வாய்ப்பு மிகுதி. நீங்கள் பதிலின் அடியில் பார்த்ததைத்தான் சொல்கிறீர்கள் என்பதால், நான் இரண்டாவதையே சந்தேகிக்கிறேன். அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, முதலில் வந்த கடிதம் எப்படித் தெரிகிறது என்று கேட்டால் ஐயம் தீர்ந்துவிடும்.

தவறு உங்கள் பக்கம்தான் என்று தெரிந்தால், பழைய வகை அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், இன்டர்நேஷனல் ஆப்ஷன்ஸ் பகுதியில் அனுப்பும் கடிதங்களுக்கு யூனிகோடு யூடிஎஃப்-8 என்று வைத்துவிடுங்கள். உலாவியில் இயங்கும் அஞ்சல் சேவைகளில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. எந்த மென்பொருளானாலும், பாமினியில் தட்டச்சு செய்ததை வேர்டிலிருந்து நகலெடுத்துக் கடிதத்தில் ஒட்டாதீர்கள். உங்கள் திரையில் அழகாகத் தமிழ் தெரியும், ஏனென்றால் எழுத்துரு உங்களிடம் இருக்கிறது. கடிதத்தோடு போவது எழுத்துருவின் பெயர் மட்டுமே, எழுத்துரு போகாது. பெறுபவர் கைப்பேசியில் திறந்தால் அவருக்குக் கிடைப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான். பழைய எழுத்துருவில் உள்ள ஒன்றை உடனே அனுப்பியாக வேண்டும் என்றால் வேர்டிலிருந்து பிடிஎஃப் ஆகச் சேமித்து இணைத்துவிடுங்கள். எழுத்துருவின் உருவங்கள் அதனுள்ளேயே போய்விடும். படிக்கலாம், அச்செடுக்கலாம், அதற்குள் தமிழில் தேட மட்டும் முடியாது.

நீங்கள் அனுப்பும் இணைப்பு, பெறுபவருக்கு வின்மெயில் டாட் என்ற பெயரில் திறக்க முடியாத கோப்பாகப் போய்ச் சேர்வது பற்றிப் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள்; அதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அது அவுட்லுக் தனக்கென்று வைத்திருக்கும் ரிச் டெக்ஸ்ட் வடிவத்தின் உறை. உங்கள் இணைப்பு அதனுள் பத்திரமாகத்தான் இருக்கிறது, மற்ற மென்பொருள்களுக்கு அதைப் பிரிக்கத் தெரியவில்லை. கடித வடிவத்தை எச்டிஎம்எல் என்று மாற்றி மறுபடி அனுப்புங்கள்.

வேலையைத் தொடங்குமுன் நான் செய்யச் சொல்வது ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற அந்தத் தட்டச்சர் அம்மாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. எந்தெந்த ஆண்டில் எந்த எழுத்துரு, இடையில் எப்போது மாற்றினார், எழுத்துருக்கள் இருந்த சிடி அலுவலக அலமாரியில் எங்கே இருக்கும் என்பதையெல்லாம் அவர் நினைவிலிருந்தே சொல்லிவிடக்கூடும். இருபது ஆண்டு ஒரே விசைப்பலகையில் அடித்தவர்கள் அதை மறப்பதில்லை. பிறகு ஆண்டுக்கு ஒன்றாக ஒரு கோப்பைத் திறந்து, எழுத்துருப் பெட்டியில் தெரியும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்தும் மாற்றி ஒத்துழைக்காத கோப்பு ஏதேனும் இருந்தால், அதன் முதல் வரியைத் திரையில் தெரிகிறபடியே படமெடுத்து, எழுத்துருவின் பெயரோடு இங்கே போடுங்கள். உறுப்பினர் பெயரும் கணக்கு எண்ணும் இல்லாத வரியாகப் பார்த்துப் போடுங்கள்.